காரணப் பெயரும் கலைச்சொல்லும்: கிராஃபீன் மீதமைந்த உலோக நானோத் துகள் வினையூக்கிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

எரிபொருள் மின்கலங்களில் பயன்படும், கிராஃபீன் மீதமைந்த உலோக நானோத் துகள் வினையூக்கிகளைப் பற்றித் தமிழில் எழுதும்பொழுது கையாளப்படும் சொற்களுள் சில, அவை குறிக்கும் நிகழ்வுக்கு மாறான பொருளை உணர்த்துகின்றன. பொருட்பெயர்கள் திசைச்சொற்களாகவே நிற்கலாம். செயலைக் குறிக்கும் பெயர்களோ காரணம் பிழையாத தமிழ்ச் சொற்களாக அமைதல் வேண்டும். ஒரு சொல் தக்கதா என்பதை அகராதியைக் காட்டிலும் விளக்கவுரையே காட்டும் என்பன இக்கட்டுரை முன்வைக்கும் கருத்துகள்.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், காரணப் பெயர், இடுகுறிப் பெயர், திசைச்சொல், எரிபொருள் மின்கலம், வினையூக்கி, கிராஃபீன், பிளாட்டினம்.

முன்னுரை

பெயர்ச்சொற்களை இடுகுறி, காரணம் என இரண்டாகப் பகுப்பது தமிழிலக்கண மரபு. மண், மரம் என்பன இடுகுறி. பறவை, அணி என்பன காரணம். கடந்த நூற்றாண்டு முழுவதும் தமிழில் ஆக்கப்பட்ட அறிவியல் கலைச்சொற்களுள் பெரும்பாலானவை காரணப் பெயர்களே. சொல்லைக் கேட்டவுடன் பொருளின் இயல்பு விளங்க வேண்டும் என்பதே சொல்லாக்கியோரின் நோக்கமாக இருந்தது. அந்நோக்கம் உயர்ந்தது. ஆயினும் அதற்குள் ஓர் இடரும் உண்டு. இடுகுறிப் பெயர் எதையும் விளக்குவதில்லை. ஆதலின் அது பிழையாக விளக்குவதும் இல்லை. காரணப் பெயரின் காரணம் பிழைபட்டால், சொல்லே பிழையைக் கற்பிக்கும் ஆசிரியனாகிவிடுகிறது.

இவ்விடரை ஆராய எரிபொருள் மின்கலமும் அதன் வினையூக்கியும் பொருத்தமான களம். இந்திய அரசு 2023 சனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2030ஆம் ஆண்டிற்குள் ஆண்டொன்றுக்கு 50 இலட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் ஆக்குவது அதன் இலக்கு. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் நிகழ்ந்த விழாவில், கொச்சிக் கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய ஹைட்ரஜன் மின்கலப் படகு தொடங்கிவைக்கப்பட்டது. காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இயங்கிவருகிறது. சென்னையிலும் எரிபொருள் மின்கல ஆய்வுக்கெனத் தனி மையம் உண்டு. ஆய்வு தமிழ் மண்ணில் நிகழ்கிறது. செய்தி தமிழில் வெளிவருகிறது. அச்செய்தியைப் படிக்கும் மாணவரும் பொதுமக்களும் இத்துறையைப் பற்றி என்ன எண்ணுவர் என்பதைப் பெரும்பாலும் தமிழ்ச் சொற்களே தீர்மானிக்கின்றன. எனவே அச்சொற்களை ஆராய்வது தமிழாய்வின் எல்லைக்குள் அடங்குவதே.

எரியாத எரிபொருள்

1839ஆம் ஆண்டளவில் வில்லியம் குரோவ் என்னும் அறிஞர், நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்திய இரு பிளாட்டினத் தகடுகளில் ஒன்றை ஹைட்ரஜனும் மற்றொன்றை ஆக்சிஜனும் சூழுமாறு செய்தபொழுது மின்னோட்டம் பிறப்பதைக் காட்டினார். இன்றைய எரிபொருள் மின்கலங்களின் முன்னோடி அதுவே.

இக்காலத்தில் ஊர்திகளில் பயன்படும் கலத்தின் அமைப்பு எளியது. நடுவே ஒரு மெல்லிய பலபடிச் சவ்வு. அதன் இருபுறமும் வினையூக்கிப் படலம் பூசிய மின்வாய்கள். ஒருபுறம் ஹைட்ரஜன் செலுத்தப்படுகிறது. அது வினையூக்கியின் மேற்பரப்பில் புரோட்டான்களாகவும் எலக்ட்ரான்களாகவும் பிரிகிறது. சவ்வு புரோட்டான்களை மட்டுமே தன்னூடே செல்லவிடும். எலக்ட்ரான்கள் வேறு வழியின்றி வெளிக்கம்பி வழியே சுற்றிச் செல்கின்றன. அச்சுற்றே நமக்கு மின்னோட்டமாகப் பயன்படுகிறது. மறுபுறத்தில் ஆக்சிஜனும் சவ்வைக் கடந்த புரோட்டான்களும் கம்பி வழியே வந்த எலக்ட்ரான்களும் கூடி நீராகின்றன. கலத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 80 பாகை செல்சியசு மட்டுமே.

இந்நிகழ்வில் எங்கும் எரிதல் இல்லை. ஆனால் தமிழில் இதற்கு வழங்கும் பெயர் ‘எரிபொருள் மின்கலம்’. எரிபொருள் என்பது வினைத்தொகை. எரிந்த பொருள், எரிகின்ற பொருள், எரியும் பொருள் என முக்காலத்திற்கும் விரியும். கலத்தினுள் செல்லும் ஹைட்ரஜனுக்கு இம்முக்காலத்துள் எதுவும் பொருந்தாது. ஆங்கில மூலச்சொல்லைக் கேட்கும் இன்றைய ஆங்கிலேயருக்கு அதனுள் எரிதல் என்னும் வினை வெளிப்படையாகத் தோன்றாது. தமிழ்ச் சொல்லிலோ அவ்வினையே முதனிலையாக நிற்கிறது.

இது சொல்லாராய்ச்சியோடு முடியும் செய்தி அன்று. எரித்துப் பெறும் வெப்பத்தைக் கொண்டு இயங்கும் எந்திரங்களுக்கு, கார்னோ வகுத்த வெப்பவியல் வரம்பு உண்டு. வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தே அவற்றின் திறன் அமையும். எரிபொருள் மின்கலம் வேதியாற்றலை நேரே மின்னாற்றலாக மாற்றுவதால் அவ்வரம்புக்கு உட்படுவதில்லை. எரிக்காமையே அதன் சிறப்பு. அச்சிறப்பையே பெயர் மறைத்துவிடுகிறது. பிற மின்கலங்களிலிருந்து இதனை வேறுபடுத்தும் பண்பு, வினைப்பொருள் வெளியிலிருந்து இடையறாது ஊட்டப்படுவது. அப்பண்பைக் கொண்டு ‘ஊட்டு மின்கலம்’ எனப் பெயரிட்டிருந்தால் காரணம் பிழைபடாது. பாடநூல்களில் வேரூன்றிவிட்ட சொல்லை ஒரே நாளில் மாற்றுதல் அரிது. மாற்றினால் குழப்பமும் விளையலாம். ஆயினும் பழைய சொல்லை ஆளும் ஒவ்வொருவரும் அதன் முதனிலை பொய் என்பதை உடன் விளக்கக் கடமைப்பட்டவராவர்.

மின்வாய்களின் பெயர்

மின்வாய்ப் பெயர்களில் இச்சிக்கல் இன்னும் கடுமையாகிறது. மைக்கேல் பாரடே 1834இல் தம் மின்னாற்பகுப்பு ஆய்வுகளுக்குப் பெயர் வேண்டி, கேம்பிரிட்சில் இருந்த வில்லியம் ஹியூவெல் என்னும் அறிஞருக்குக் கடிதம் எழுதினார். ஹியூவெல் அறிவியல் வரலாற்றையும் சொல்லாக்கத்தையும் ஆழ்ந்து கற்றவர். மின்சாரம் எத்தகையது என்னும் கொள்கை நாளை மாறினாலும் பெயர் மாறத் தேவையில்லாதவாறு அமைய வேண்டும் என்பதே பாரடேயின் வேண்டுகோள். ஹியூவெல் கிரேக்கத்திலிருந்து ஆனோடு, கேதோடு என்னும் இரு சொற்களைத் தந்தார். முன்னது மேலேறும் வழி. பின்னது கீழிறங்கும் வழி. ஞாயிறு எழும் திசையையும் மறையும் திசையையும் ஒப்புமையாகக் கொண்டு அமைந்த பெயர்கள் இவை. நேர்க்குறி, எதிர்க்குறி என்னும் கருத்து இவற்றில் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டது.

தமிழில் ஆனோடு ‘நேர்மின்வாய்’ என்றும் கேதோடு ‘எதிர்மின்வாய்’ என்றும் பெயர்க்கப்பட்டன. பாரடே தவிர்த்த குறியே தமிழில் பெயராயிற்று. மின்னாற்பகுப்புக் கலத்தில் இப்பெயர்கள் பொருந்தும். மின்னாற்றலைத் தரும் கலங்களில் நிலை தலைகீழாகிறது. எரிபொருள் மின்கலத்தில் ஹைட்ரஜன் எலக்ட்ரானை இழக்கும் ஆனோடே எதிர்முனை. ஆக்சிஜன் எலக்ட்ரானை ஏற்கும் கேதோடே நேர்முனை. ‘எலக்ட்ரான்கள் நேர்மின்வாயிலிருந்து எதிர்மின்வாய்க்குச் செல்கின்றன’ என்று ஒரு மாணவர் படிக்கும்பொழுது, எதிர்மின்னூட்டம் உடைய எலக்ட்ரான் நேர்முனையை விட்டு எதிர்முனையை நாடிச் செல்வது எங்ஙனம் என்னும் ஐயம் எழுவது இயல்பு. அவ்வையம் மாணவரின் குறை அன்று. சொல் விளைத்த குறை.

ஆக்சிஜனேற்றம், ஆக்சிஜன் ஒடுக்கம் என்னும் இணையும் இத்தகையதே. ஹைட்ரஜன் பிரியும் மின்வாயில் ஆக்சிஜனே இல்லை; ஆயினும் அங்கு நிகழ்வதை ஆக்சிஜனேற்றம் என்கிறோம். மறுமின்வாயில் ஆக்சிஜனே எலக்ட்ரானை ஏற்கிறது. அதனை முறைப்படி எழுதினால் ‘ஆக்சிஜனின் ஆக்சிஜன் ஒடுக்கம்’ என்றாகும். இன்றைய வேதியியல் இவ்விரு நிகழ்வுகளையும் எலக்ட்ரான் இழப்பு, எலக்ட்ரான் ஏற்பு என்றே வரையறுக்கிறது. அவ்வரையறையையே பெயராக்கி, ‘இழப்பு மின்வாய்’, ‘ஏற்பு மின்வாய்’ என்று வழங்கினால் எவ்வகைக் கலத்திற்கும் அவை பொருந்தும். இக்கட்டுரை இனி அச்சொற்களையே ஆள்கிறது.

வினையூக்கியும் பிளாட்டினமும்

ஏற்பு மின்வாயில் நிகழும் வினையே இத்துறையின் முதன்மைச் சிக்கல். ஆக்சிஜன் மூலக்கூற்றின் பிணைப்பு வலியது. அதனை அறுத்து, நான்கு எலக்ட்ரான்களையும் நான்கு புரோட்டான்களையும் ஏற்கச் செய்து இரு நீர் மூலக்கூறுகளாக்குவது மெதுவாகவே நிகழும். கோட்பாட்டின்படி இக்கலம் 1.23 வோல்ட் தர வேண்டும். நடைமுறையில் மின்னோட்டம் பெறும்பொழுது ஏறத்தாழ 0.6 முதல் 0.7 வோல்ட் வரையே கிடைக்கிறது. இவ்விழப்பில் பெரும்பங்கு ஏற்பு மின்வாயின் மந்தத்தால் வருவது.

இம்மந்தத்தைக் குறைப்பது வினையூக்கி. ஊக்குதல் என்பது ஆற்றல் தந்து தூண்டுதலையும் குறிக்கும். வினையூக்கி ஆற்றல் தருவதில்லை. தடை குறைந்த மாற்றுவழி ஒன்றைத் திறக்கிறது. பாடநூல்களில் இதனோடு வழங்கும் ‘வினைவேகமாற்றி’ என்னும் சொல் விளைவைச் சரியாகச் சொல்கிறது, வழிமுறையைச் சொல்வதில்லை. இரண்டனுள் பின்னது பிழை குறைந்தது. எனினும் முன்னது பெருவழக்காகிவிட்டமையால், பொருளை உரையில் விளக்கிக்கொண்டு அதனையே ஆள்வதில் தீங்கில்லை.

பிளாட்டினம் ஏன் சிறந்த வினையூக்கியாகிறது? வினைப்பொருளை மிக இறுகப் பற்றும் உலோகம் விளைபொருளை விடாது. மிகத் தளரப் பற்றும் உலோகம் பிணைப்பை அறுக்காது. பற்றுதலும் விடுதலும் ஒத்த அளவில் அமைவதே நல்ல வினையூக்கியின் இலக்கணம். சபாத்தியே என்னும் பிரெஞ்சு வேதியியலாரின் பெயரால் வழங்கும் நெறி இது. தனி உலோகங்களுள் பிளாட்டினம் அச்சமநிலைக்கு மிக அருகில் உள்ளது. ஆயினும் ஆக்சிஜனைச் சற்றே மிகுதியாகப் பற்றுகிறது. 2007இல் பிளாட்டினமும் நிக்கலும் மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் கலந்த உலோகத்தின் ஒரு குறிப்பிட்ட படிக முகம், தூய பிளாட்டினத்தின் அதே முகத்தைக் காட்டிலும் 10 மடங்கு செயல்திறன் உடையது என்று காட்டப்பட்டது. நிக்கல் பிளாட்டினத்தின் பற்றைச் சற்றே தளர்த்தியதே காரணம்.

பிளாட்டினம் அரியது, விலை மிக்கது, உலக உற்பத்தியில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்தே கிடைக்கிறது. வினை நிகழ்வது மேற்பரப்பில் மட்டுமே என்பதால், உள்ளே புதைந்த அணுக்கள் வீணே. ஒரு கிராம் பிளாட்டினத்தை ஒரே உருண்டையாக்கினால் அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 0.63 சதுர சென்டிமீட்டர். அதனையே 3 நானோமீட்டர் விட்டமுடைய உருண்டைகளாக்கினால் மேற்பரப்பு ஏறத்தாழ 93 சதுர மீட்டர். பெருக்கம் ஏறக்குறைய 15 இலட்சம் மடங்கு. நானோத் துகள்களை நாடுவதன் காரணம் இக்கணக்கே. இங்கு ‘நுண்துகள்’ என்று எழுதுவதும் உண்டு. நானோ என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு என்னும் அளவுப் பெயர். நுண்மை என்பது அளவிடப்படாத பண்புப் பெயர். அளவே செயலைத் தீர்மானிக்கும் இடத்தில் அளவுப் பெயர் நிற்பதே முறை.

தாங்கி என்னும் சொல்

இத்தகு சிறு துகள்கள் தனித்து நில்லா. நெருங்கினால் ஒன்றோடொன்று கூடிப் பெருக்கும். அவற்றை விலக்கி நிறுத்தவும் எலக்ட்ரான்களைக் கொண்டுசெல்லவும் ஒரு தளம் வேண்டும். நெடுங்காலமாக அத்தளமாகப் பயன்பட்டுவருவது கார்பன் கரி. 2004இல் ஆந்திரே கெய்மும் கான்ஸ்டன்டின் நொவசெலோவும் ஒற்றையணுத் தடிப்புடைய கார்பன் தாளாகிய கிராஃபீனைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். 2010இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். கிராஃபீனின் கோட்பாட்டு மேற்பரப்பு கிராமுக்கு 2,630 சதுர மீட்டர். மின்கடத்தலிலும் அது சிறந்தது. உலோகத் துகள்களுக்கு இதனினும் சிறந்த தளம் இல்லை என்னும் எதிர்பார்ப்பு எழுந்தது இயல்பே.

இத்தளத்தைத் தமிழில் ‘தாங்கி’ என்பர். சுமைதாங்கிக் கல்லை அறிந்த தமிழர்க்கு இச்சொல் தரும் காட்சி தெளிவானது: கல் அசையாது, சுமையோடு அதற்கு உறவில்லை, சுமை இறக்கப்பட்ட பின்னும் கல் கல்லாகவே நிற்கும். கிராஃபீன் இவ்வாறு நிற்பதில்லை. மூன்று சான்றுகள் போதும்.

முதலாவது, பிழையற்ற கிராஃபீன் தாள் உலோகத் துகளை உறுதியாகப் பற்றாது. தாளில் உள்ள குறைகளும் ஆக்சிஜன் தொகுதிகளுமே துகளைப் பிணிக்கும் இடங்கள். ஆகவே ஆய்வாளர் பெரும்பாலும் கிராஃபீன் ஆக்சைடை ஒடுக்கிப் பெற்ற, குறைகள் மலிந்த தாளையே நாடுகின்றனர். அக்குறைகளே தாள் அரிக்கப்படத் தொடங்கும் இடங்களும் ஆகின்றன. பிணிக்கும் இடமே சிதையும் இடமாதல் இத்துறையின் உள்முரண்.

இரண்டாவது, கார்பன் வெப்பவியல்படி 0.207 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடாக மாறத்தக்கது. வழக்கமான நிலையில் இம்மாற்றம் மிக மெதுவானது. ஆயின் கலத்தைத் தொடங்கும்பொழுதும் நிறுத்தும்பொழுதும் ஏற்பு மின்வாயின் அழுத்தம் 1 வோல்ட்டை விஞ்சி உயர்வதுண்டு. அப்பொழுது தளம் அரிகிறது. துகள்கள் பெயர்ந்து ஒன்றுகூடுகின்றன. இவ்வரிப்பைப் பிளாட்டினமே விரைவுபடுத்துகிறது. தாங்கப்படும் பொருள் தாங்கும் பொருளைத் தின்னும் நிலை இது.

மூன்றாவது, தளம் வினையிலேயே பங்கேற்கும் நிலைகளும் உண்டு. ரேமண்ட் ஜாசின்ஸ்கி 1964இல் கோபால்ட்டு தாலோசயனின் என்னும் சேர்மம் ஆக்சிஜனை ஒடுக்க வல்லது என்று காட்டினார். அவ்வழியில் வளர்ந்த இன்றைய வினையூக்கிகளில், ஓர் இரும்பணுவைக் கார்பன் தாளில் பதிந்த நான்கு நைட்ரஜன் அணுக்கள் பற்றி நிற்கின்றன. குருதியிலுள்ள ஹீமோகுளோபினும் இரும்பை நான்கு நைட்ரஜன்களின் நடுவே ஏந்தியே ஆக்சிஜனைச் சுமக்கிறது. இங்குத் தளத்தை நீக்கினால் வினையூக்கி என ஒன்று எஞ்சாது.

எனவே ‘பற்றுதளம்’ என்னும் சொல் எண்ணத்தக்கது. பற்றுதல் இருவழிப்பட்டது: துகள் தளத்தைப் பற்றும், தளமும் துகளைப் பற்றும். பற்று விடுதலும் அதனுள் அடங்கும். கிராஃபீன் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஆக்சிஜன் செல்லும் வழியை அடைப்பதும், அதனைத் தடுக்கக் கார்பன் கரியை இடையே இடுவதும் போன்ற செய்திகளையும் ‘தாங்கி’ என்னும் சொல்லைக் கொண்டு எழுதும்பொழுது வாசகர் வியப்புறுவர். ‘தளம்’ என்று எழுதினால் இயல்பாக ஏற்பர்.

கிராஃபீன் என்னும் பெயர்

கிராஃபீன் என்பதைத் தமிழாக்க வேண்டுமா? வேண்டியதில்லை. எழுதுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த கிராஃபைட்டு என்பதன் வழிவந்த பெயர் இது. தமிழில் இது இடுகுறியாகவே நிற்கும். தொல்காப்பியம் திசைச்சொல்லைச் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக வைத்தது. 1875இல் வெளிவந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் வேதியியல் நூல் ‘கெமிஸ்தம்’ என்றே பெயர் பெற்றது. பொருட்பெயரைத் திசைச்சொல்லாக ஏற்பதற்குத் தமிழ் என்றும் நாணியதில்லை.

ஆயின் இடுகுறியையும் எல்லை வரையாமல் ஆளலாகாது. அனைத்துலகத் தர அமைப்பின் 2017ஆம் ஆண்டு வரையறை, ஒற்றைத் தாளையே கிராஃபீன் என்றும், மூன்று முதல் பத்துத் தாள் வரை உள்ளதைச் சில்லடுக்குக் கிராஃபீன் என்றும் பிரிக்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, உலகெங்கும் உள்ள 60 உற்பத்தியாளர்களின் சரக்கைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் கிராஃபீன் 10 விழுக்காட்டுக்கும் குறைவே என்றும், எஞ்சியது பெரிதும் கிராஃபைட்டுத் துணுக்கே என்றும் கண்டது. கிராஃபீன் மீது அமைந்ததாகக் கூறப்படும் வினையூக்கி எதன் மீது அமைந்தது என்பதே ஐயத்திற்குரியதாகிறது.

‘உலோகமற்ற வினையூக்கி’ என்னும் தொடரின் வரலாறும் இதனை வலியுறுத்தும். நைட்ரஜன் கலந்த கிராஃபீன், உலோகம் இன்றியே காரக் கரைசலில் ஆக்சிஜனை ஒடுக்கும் என்று 2010இல் அறிவிக்கப்பட்டது. அவ்வாறு அறிவிக்கப்பட்ட சில கிராஃபீன் வகைகளில், மாங்கனீசு போன்ற உலோக மாசுகள் சிறிதளவு எஞ்சி அவையே வினைக்குக் காரணமாதல் கூடும் என்று 2013இல் மார்ட்டின் பூமேராவும் உடனாய்வாளரும் காட்டினர். 2020இல் அவர் குழு இன்னும் ஒருபடி சென்றது. பறவை எச்சத்தைக் கிராஃபீனோடு கலந்து, அக்கலவை கலப்பில்லாத கிராஃபீனைவிட நன்கு செயற்படுவதை அளந்து வெளியிட்டது. 84 தனிமங்களை ஒவ்வொன்றாகக் கலந்தால் 84 கட்டுரைகள், இரண்டிரண்டாகக் கலந்தால் 3,486, மும்மூன்றாகக் கலந்தால் 95,284 என்று அவர்கள் கணக்கும் இட்டனர். எள்ளல் தோய்ந்த அவ்வாய்வு கேட்ட கேள்வி கூர்மையானது: கலந்ததால் செயல் கூடிற்று என்பது அறிவா, அன்றி ஏன் கூடிற்று என்பது அறிவா?

சொல்லாக்கத்திற்கும் இக்கேள்வி பொருந்தும். புதுச்சொல் ஒன்று கூடிற்று என்பது அறிவாகாது. அச்சொல் எதனை விளக்கிற்று என்பதே அறிவு.

தூய்மை என்னும் அடை

‘தூய ஆற்றல்’ என்பது இத்துறைக் கட்டுரைகளில் தவறாது வரும் தொடர். கலத்திலிருந்து நீரே வெளியேறுகிறது என்பது மெய். ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்பதை அம்மெய் சொல்லாது. இயற்கை வளியிலிருந்து நீராவி கொண்டு ஒரு கிலோ ஹைட்ரஜன் ஆக்கும்பொழுது ஏறத்தாழ 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிப்படுகிறது. 2023இல் இந்திய அரசு, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவை மிகாத உமிழ்வுடையதே பசுமை ஹைட்ரஜன் என வரையறுத்தது. எண்ணால் எல்லை கட்டப்பட்ட அடைமொழி அது. ‘தூய’ என்பதற்கு அத்தகு எல்லை இல்லை. தமிழில் அது அறநெறிச் சாயலும் உடைய சொல். எல்லையற்ற அடைமொழி ஆய்வுக் கட்டுரையில் புகும்பொழுது அது விளம்பரமாகிவிடுகிறது. ‘உமிழ்வு குறைந்த’ என்று எழுதுவது அழகில் குறையலாம், உண்மையில் குறையாது.

மறுப்புகளும் விடையும்

இக்கருத்துக்கு எழத்தக்க மறுப்புகள் இரண்டு. ஆங்கிலத்திலும் பெயர்கள் பிழைபட்டே உள்ளன. ஆக்சிஜன் என்பதன் கிரேக்கப் பொருள் அமிலம் ஆக்குவது என்பதாம். ஆக்சிஜனே இல்லாத அமிலங்கள் உண்டு. அதனால் வேதியியல் கெட்டுவிட்டதா என்பது முதல் மறுப்பு. கெடவில்லை. காரணம், ஆங்கிலம் பயில்வோர்க்குக் கிரேக்க வேர் மறைந்து நிற்கிறது. அவர்களுக்கு அது இடுகுறி. தமிழ்ச் சொல்லின் வேரோ பயில்வோரின் வீட்டுமொழியில் உயிரோடு இருக்கிறது. எரி, நேர், ஊக்கு, தாங்கு என்பவற்றுக்குப் பொருள் தேடி எந்தத் தமிழ்க் குழந்தையும் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. இவ்வொளிவுமறைவின்மை தமிழின் வலிமை. அதுவே பிழையைப் பெருக்கும் வாயிலும் ஆகிறது.

இத்துறை வல்லுநர் ஆங்கிலத்திலேயே எழுதுவர், தமிழ்ச் சொல்லால் யாருக்குப் பயன் என்பது இரண்டாம் மறுப்பு. வல்லுநராகும் முன் அவர் தமிழ்வழி மாணவராக இருந்திருக்கலாம். வல்லுநரின் பணிக்கு வரி தரும் குடிமக்கள் தமிழில் செய்தி படிப்பவர்கள். எந்திரம் அடைந்த இடத்தில் எரிவாயு வெடிக்கும் என்றஞ்சும் பயணிக்கும், கிராஃபீன் என்னும் பெயர் பொறித்த எதையும் உயர்ந்ததென நம்பும் நுகர்வோருக்கும், விளக்கம் தமிழில்தான் சென்றடையும்.

தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன

1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் கலைச்சொல்லாக்கத்திற்கெனக் கழகம் அமைத்த காலம்தொட்டு, நம் உழைப்பின் பெரும்பகுதி பட்டியல்களாகவே விளைந்துள்ளது. பட்டியலில் சொல் தனித்து நிற்கும். அதன் பிழை அங்கு வெளிப்படாது. ‘நேர்மின்வாய்’ பட்டியலில் குற்றமற்றது; எரிபொருள் மின்கலத்தின் இயக்கத்தைப் பத்து வரியில் எழுதினால் ஐந்தாம் வரியில் முரண்படும். ஆகவே புதிதாக ஆக்கப்படும் ஒவ்வொரு செயற்பெயருக்கும், அச்சொல்லையே கொண்டு நிகழ்வை விளக்கும் ஓர் உரைப்பத்தியைக் கட்டாயமாக்குதல் நன்று. அப்பத்தியைத் துறை வல்லுநர் ஒருவரும் அத்துறை அறியாத மாணவர் ஒருவரும் படித்துப் பார்த்தல் வேண்டும்.

தமிழாய்வாளரிடம் சொல் வந்துசேரும் காலமும் மாற வேண்டும். ஆங்கிலப் பெயர் நிலைபெற்ற பின், மொழிபெயர்த்துத் தருக என்று கேட்கப்படுவதே இன்றைய நிலை. பாரடே ஹியூவெல்லை நாடியது கருத்து உருப்பெற்றுக்கொண்டிருந்த காலத்தில். மின்வேதியியல் ஆய்வுக்கூடமும் தமிழ்த்துறைகளும் அருகருகே உள்ள தமிழ்நாட்டில் அத்தகு கடிதப் போக்குவரத்து இயலாததன்று. நிகழ்வை வேதியியலார் சொல்லட்டும். அதனைப் பிழையாது ஏந்தும் வினையடியைத் தமிழறிந்தோர் தேடட்டும். ஈழத்துப் பாடநூல்கள் ஐதரசன், ஒட்சிசன், காபன், ஊக்கி என வழங்கும் மரபையும் உடன்வைத்து நோக்கினால் தெரிவுக்குரிய சொற்கள் பெருகும்.

நிறைவாக

பொருட்பெயர் இடுகுறியாக நிற்கலாம். அதன் எல்லை வரையறுக்கப்பட வேண்டும். செயற்பெயர் காரணப் பெயராக அமையலாம். அதன் காரணம் மெய்யாக வேண்டும். அடைமொழி வரலாம், அதற்கு அளவு வேண்டும். கிராஃபீன் மீதமைந்த உலோக நானோத் துகள்களைப் பற்றிய எழுத்து இம்மூன்று தேவைகளையும் ஒருங்கே காட்டுகிறது. மூன்று நானோமீட்டர் துகள் தன் தளத்தை விட்டுப் பெயரும்பொழுது கலம் செயலிழக்கிறது. சொல் தன் பொருளை விட்டுப் பெயரும்பொழுது செயலிழப்பது கல்வி. முன்னதைச் சீர்செய்ய ஆய்வுக்கூடங்கள் உழைக்கின்றன; பின்னது தமிழ்த்துறைகளின் பொறுப்பு.